முதல் பந்தி எத்தனை மணிக்கு? ஏரிமேல் இரண்டு நாள் பயணம் திட்டமாகும் விதம்

கல்யாணச் சமையல் பேச வரும் தவசுப்பிள்ளை, வந்து உட்கார்ந்ததும் அரிசி எத்தனை மூட்டை என்று கேட்பதில்லை. எத்தனை இலை, முதல் பந்தி எத்தனை மணிக்கு, கோட்டை அடுப்பு எந்தப் பக்கம் வெட்டுவது? இந்த மூன்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டுதான் சாமான் சிட்டை எழுதத் தாள் கேட்பார். சிட்டை அவருக்குக் கடைசி வேலை. மற்ற மூன்றும் சரியாக இருந்தால் அது தானாக வந்து விழும்.

வார இறுதியில் வள்ளம் ஏறி, ஏரியில் துடுப்புப் போட்டு, இரவு கரையில் தங்கி, மறுநாள் திரும்பும் பயணமும் இதே வரிசையில்தான் திட்டமாகிறது. ஆள், காற்று, நேரம், அதன்பிறகு சாமான். ஆனால் முதன்முதலில் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் சிட்டையிலிருந்து தொடங்குகிறார்கள். கூடாரம் வாங்குகிறார்கள், நெற்றியில் கட்டும் விளக்கு வாங்குகிறார்கள், சின்ன கேஸ் அடுப்பு வாங்குகிறார்கள். எத்தனை மணிக்கு எந்தத் தண்ணீரில் இருப்போம் என்று மட்டும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். கூடாரத்தை மறந்துவிட்டுப் போனால் ஒரு ராத்திரி கொசுக்கடி. நேரத்தைத் தவறவிட்டால் நடு ஏரியில் காற்றோடு மல்லுக்கு நிற்கவேண்டும்.

குத்துக்கல்வலசையிலிருந்து நான்கு பேர் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். தென்காசியைச் சுற்றித் தண்ணீருக்குக் குறைவில்லை. குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி, இராமநதி, கடனா என்று மலையடிவாரம் நெடுக அணைகள்தான். ஆனால் அவை பாசனத்துக்குக் கட்டியவை, காட்டை ஒட்டியவை. நாம் நினைத்தபடி படகு இறக்கிக் கரையில் கூடாரம் அடிக்கும் இடங்கள் அல்ல. தெற்கே காரையாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. ஐந்தருவிப் பக்கம் வெண்ணமடைக்குளத்தில் சீசனுக்குப் படகு விடுகிறார்கள். துடுப்புப் பிடித்துக் கை பழக அது போதும், பயணத்துக்குப் போதாது. பயணத்துக்கு மேற்கே போகவேண்டும்.

புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு தாண்டிவிட்டால் மலைத்தண்ணீர் அரபிக்கடல் பக்கம் திரும்பிவிடுகிறது. தென்மலையில் பரப்பார் அணையில் தேங்கும் கல்லடையாறு, புனலூர் வழியாக இறங்கி, மன்றோ துருத்து என்ற தீவுக்கூட்டத்தில் அஷ்டமுடி ஏரியில் சேர்கிறது. அணையின் நீர்த்தேக்கம் செந்துருணி சரணாலயத்துக்குள் இருப்பதால் அங்கே வனத்துறைப் படகில் மட்டும்தான் போகலாம். நமக்கு வேண்டியது ஆற்றின் கடைக்கோடி. சுமார் 60 சதுர கிலோமீட்டர் பரப்பில் எட்டுக் கைகளாகப் பிரிந்து கிடக்கும் அஷ்டமுடி, கேரளத்தில் வேம்பநாட்டுக்கு அடுத்த பெரிய காயல். 2002 முதல் ராம்சார் பட்டியலில் இருக்கும் ஈரநிலம். மன்றோ துருத்தில் வள்ளத்தை ஆளோடு வாடகைக்குத் தருகிறார்கள், வீடுகளில் தங்க இடமும் தருகிறார்கள். சொல்லிவைத்தால் தென்னந்தோப்பில் கூடாரம் போடவும் விடுவார்கள். சொல்லாமல் எந்தக் கரையிலும் இறங்கக்கூடாது. ஆளில்லாததுபோல் தெரியும் ஒவ்வொரு கரையும் அங்கே யாரோ ஒருவரின் கொல்லைப்புறம்.

முதல் கேள்விக்கு வருவோம். எத்தனை இலை?

வள்ளத்துக்கு இலைக்கணக்கு என்றால் எடைக்கணக்கு. ஆளுக்கு 65 கிலோ, மூட்டை 12 கிலோ என்று போட்டாலே நான்கு பேருக்கு 308 கிலோ ஆகிறது. அதற்குமேல் வள்ளக்காரர், பிறகு தண்ணீர். அஷ்டமுடி, நீண்டகரை முகத்துவாரத்தில் கடலோடு கலந்து கிடப்பதால் ஏரிநீர் உப்பு. காய்ச்சினாலும் வடிகட்டினாலும் குடிக்க ஆகாது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்றால் நால்வருக்கும் இரண்டு நாளுக்கு 40 லிட்டர், அதாவது 40 கிலோ. இரவு தங்கும் வீட்டில் நிரப்பிக்கொள்கிறோம் என்று முன்னாலேயே போனில் பேசிவைத்தால் அது 20 கிலோவாகக் குறையும். படகிலிருந்து 20 கிலோவை இறக்க இதைவிட எளிய வழி கிடையாது.

எல்லோரும் ஏறி, மூட்டையும் ஏற்றிய பிறகு வள்ளத்தின் விளிம்பைப் பாருங்கள். தண்ணீருக்கும் விளிம்புக்கும் நடுவே குறைந்தது 15 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். இல்லையென்றால் இன்னொரு வள்ளம் பேசவேண்டும். நூறு இலைக்குப் பேசி நூற்றைம்பது பேர் வந்து நின்றால் சாம்பாரை நீட்டிச் சமாளித்துவிடலாம், பக்கத்துக் கடையில் தயிர் வாங்கிக்கொள்ளலாம். ஏரி அப்படிச் சமாளிக்க விடாது. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் அளவுக்குமேல் ஆளேற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள், அதில் பாதிக்குமேல் குழந்தைகள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்யகா என்ற படகு கவிழ்ந்தபோது 45 பேர் இறந்தார்கள், நம் பக்கத்து ஆட்களும் அதில் உண்டு. கரையில் விலங்கைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்ததும் அதற்கொரு காரணமாகப் பேசப்பட்டது.

அந்தச் சாய்வில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. படகு லேசாகச் சாயும்போது, சாய்ந்த பக்கத்தில் கூடுதலாகத் தண்ணீருக்குள் இறங்கும் உடற்பகுதியைத் தண்ணீர் மேலே தள்ளுகிறது. அந்தத் தள்ளல்தான் படகை நிமிர்த்துகிறது. எடை தாழ்வாக, நடுவில் இருக்கும்வரை நிமிர்த்தும் விசை ஜெயிக்கும். ஒருவர் எழுந்து நின்றால் மொத்த எடையின் மையம் மேலே ஏறிவிடுகிறது. அதே சாய்வு இப்போது படகைக் கவிழ்க்கும் பக்கம் சேர்ந்துகொள்கிறது. அகலம் குறைந்த வள்ளத்தில் இதற்கு இரண்டு நொடிகூட ஆகாது. ஆகவே உட்கார்ந்தே இருக்கவேண்டும், இடம் மாறவேண்டுமானால் கரைக்கு வந்து மாறவேண்டும். உயிர்காப்புச் சட்டையை முதல் துடுப்புக்கு முன்னாலேயே போட்டு, பூட்டு மாட்டி, வாரை இறுக்கிக்கொள்ளவேண்டும். அதை மடித்து ஆசனமாகப் போட்டு உட்காருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறும். கிணற்றில் குதித்து நீச்சல் படித்தவர்களுக்கும் அது வேண்டும். கிணற்றில் அலை கிடையாது.

இரண்டாவது, அடுப்பு. அடுப்பு என்றால் தீ. நம் பயணத்தில் அந்த இடம் காற்றுக்கு. எவ்வளவு கெட்டிக்காரச் சமையல்காரரும் தீ எரிகிற எரிப்புக்குத்தான் சமைக்கமுடியும்.

கடலோரக் காற்றுக்கு ஒரு தினசரி ஒழுங்கு உண்டு. வெயில் ஏற ஏற நிலம் கடலைவிடச் சீக்கிரம் சுடுகிறது. நிலத்தின் மேலிருக்கும் காற்று லேசாகி எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று வருகிறது. முற்பகல் முடியும் சமயத்தில் தொடங்கி, பிற்பகலில் உச்சத்துக்கு வந்து, பொழுது சாயும்போது தணிகிறது. ஏரியில் அலை எவ்வளவு எழும்பும் என்பது மூன்றைப் பொறுத்தது: காற்றின் வேகம், எவ்வளவு நேரமாக வீசுகிறது, தடையில்லாமல் எவ்வளவு தூரம் தண்ணீர்மேல் ஓடி வருகிறது. இந்த மூன்றாவது முக்கியம். அஷ்டமுடியின் ஒடுங்கிய கைகளில் காற்றுக்கு ஓட இடமில்லை, அலை சிறியது. நடு ஏரியில் அதே காற்று கிலோமீட்டர் கணக்கில் ஓடிவந்து தலைவெள்ளை கட்டிய அலையாக வள்ளத்தில் மோதும். ஆகவே காற்று வரும் பக்கத்துக் கரையை ஒட்டிப் போகவேண்டும். அந்தக் கரையின் தென்னையும் கண்டலும் மறைத்துக்கொள்ளும்.

வருஷத்துக்கும் ஒரு தீக்கணக்கு உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுவருவது ஆரியங்காவுக் கணவாயில் புகுந்து வரும் தென்மேற்குக் காற்று. நமக்கு அது சீசன், அஷ்டமுடியில் அது கனமழையும் வெள்ளமும். அருவியில் தண்ணீர் விழுகிறது என்ற சந்தோஷத்தில் ஏரிக்கும் அதே மாதத்தில் நாள் குறிக்கக்கூடாது. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமின்னல். பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை வெட்டவெளியில் நிற்கவேண்டாம் என்று கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இந்தக் காலங்களில் எச்சரிப்பது வழக்கம். சமதளமான ஏரியில் உயர்ந்து தெரியும் ஒரே பொருள் வள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள்தான். மீதி மாதங்களில் தேர்ந்தெடுக்கவேண்டியது டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. அதுவே நல்ல காலம்.

இனி மூன்றாவது கேள்வி. என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது இதுதான்: முதல் பந்தி எத்தனை மணிக்கு?

மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சொதி வைப்பதை நம் வீடுகளில் எல்லோரும் பார்த்திருப்போம். தேங்காயில் மூன்று பால் எடுத்துத் தனித்தனியாக வைப்பார்கள். நீர்த்த மூன்றாம் பாலில் காய் வேகும். அதன்பின் இரண்டாம் பாலும் வெந்த சிறுபருப்பும் சேரும். கெட்டியான முதல் பால், இறக்கப்போகும் சமயத்தில். ஓரத்தில் நுரை கூடியதும் இறக்கிவிடவேண்டும், கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாறு அடுப்பைவிட்டு இறக்கி ஆறிய பிறகு. சாமான் எல்லாம் அதேதான். முதல் பாலை முதலில் ஊற்றிவிட்டால் அந்தச் சட்டி அவ்வளவுதான். நல்ல தவசுப்பிள்ளை பதினொன்றரைக்குப் பந்தி என்றால் அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, எதை எப்போது அடுப்பில் ஏற்றுவது என்று மனத்தில் போட்டுவைத்திருப்பார்.

ஏரிப் பயணத்தின் முதல் பால், திறந்த தண்ணீரைக் கடக்கும் கட்டம். காலை 7 மணிக்குப் பேசிக்கொண்டே கடக்கும் மூன்று கிலோமீட்டரைப் பகல் 2 மணிக்கு அதே நான்கு பேர் அதே வள்ளத்தில் கடக்கத் திணறுவார்கள். ஆகவே பின்னோக்கி எண்ணுவோம். டிசம்பர், ஜனவரியில் கொல்லம் பக்கம் மாலை ஆறேகால் வாக்கில் சூரியன் விழுந்துவிடும். கூடாரம் போட, சமைக்க, ஈரத்துணி மாற்ற இரண்டு மணி நேரம். அப்படியானால் 4 மணிக்குக் கரையில் இருக்கவேண்டும். எதிர்பாராததற்கு ஒரு மணி நேரத்தைத் தொடாமல் ஒதுக்கினால் 3 மணி. கடல்காற்று 11 மணிக்குமேல் வலுக்கும் என்பதால் 11 முதல் 3 வரை ஒடுங்கிய கால்வாய்களில், நிழலில் மட்டும். திறந்த நீர் பத்தரைக்குள் முடிந்திருக்கவேண்டும். அதற்கு விடிந்ததும், 7 மணிக்காவது, துடுப்பு விழவேண்டும். சுமையேற்றிய வள்ளம் அமைதியான நீரில் மணிக்கு 4 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்களுக்கு ஒரு நாளுக்கு 10 கிலோமீட்டருக்குமேல் போடக்கூடாது.

இப்போது ரயிலைப் பாருங்கள். வெள்ளி இரவு நள்ளிரவு தாண்டித் தென்காசிக்கு வரும் பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறினால், 1904-இல் மீட்டர்கேஜில் திறந்து 2018-இல் அகலப்பாதையாக மீண்டும் ஓடத் தொடங்கிய மலைப்பாதை வழியாக, தென்மலைப் பதிமூன்று கண் பாலம் கடந்து, விடியுமுன் கொல்லம் சேரலாம். அங்கிருந்து எர்ணாகுளம் பாதையில் போகும் மெமு பிடித்தால் மன்றோ துருத்து ஸ்டேஷனிலேயே இறங்கிக்கொள்ளலாம். இறங்கி, சாப்பிட்டு, வள்ளக்காரரைப் பார்த்து, மூட்டை கட்டி முடிக்க மணி 10 ஆகிவிடும். அதாவது சனிக்கிழமை திறந்த நீருக்கு நேரம் தப்பிவிட்டது. அதை வருந்தாமல் ஏற்றுக்கொண்டு சனிக்கிழமை முழுவதையும் துருத்தின் கால்வாய்களுக்குக் கொடுத்துவிடவேண்டும். கண்டல் வளைந்து கூரையாக நிற்கும் கால்வாய்கள், குனிந்து போகவேண்டிய தாழ்ந்த பாலங்கள், இறால் கட்டுகள் என்று ஒரு நாளுக்கு அங்கே நிறைய இருக்கிறது. பெரிய ஏரி ஞாயிறு விடியலில். பத்தரைக்குள் கரையேறிவிட்டால் பகல் முழுதும் மிச்சம், திரும்பும் ரயிலை இரவில் பிடித்தால் போதும். போகும்போதே ஏரியைப் பார்த்துவிடவேண்டும் என்ற ஆசையைக் கணக்கு இப்படித்தான் மாற்றி எழுதுகிறது.

ஓதத்தையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். கடல்நீர் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வடிகிறது, நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. கிழிக்கும் காலண்டரில் அமாவாசை, பௌர்ணமி எப்போது என்று பாருங்கள். அவற்றை ஒட்டிய நாட்களில் ஏற்றம் அதிகம். பாலத்தின் அடியில் தலை நுழையும் இடைவெளி குறையும், வற்றும்போது கால்வாயில் சேறு தட்டும். மன்றோ துருத்து மக்களுக்கு ஏற்றம் என்பது வாசலுக்கே வரும் உப்புத்தண்ணீர். பல வீடுகள் அதனால் கைவிடப்பட்டு நிற்கின்றன. ஆற்றுமண் அணையில் தங்கிவிடுவதால் துருத்துக்குப் புதுமண் வந்து சேர்வது குறைந்ததும் இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் அந்த வீடுகளின்முன் குரலையும் கேமராவையும் அடக்கிக்கொள்ளவேண்டும்.

மூன்று கேள்வியும் முடிந்துவிட்டதால் சிட்டை சின்னதாகிவிட்டது. சனி பகலுக்குப் புளியோதரையும் மிளகாய்ப்பொடி நல்லெண்ணெய் தடவிய இட்லியும் வீட்டிலிருந்தே. தேங்காய்ச் சட்னி வேண்டாம், மதியத்துக்குள் ஊசிவிடும். இரவுக்கு அரிசி, பருப்பு. ஞாயிறு காலை அடுப்பு மூட்ட நேரமில்லை, ஊறவைத்த அவலும் வெல்லமும். நீரள்ள அடி வெட்டிய பிளாஸ்டிக் கேன், விசில், 15 மீட்டர் கயிறு, ஓ.ஆர்.எஸ்., தொப்பி, கொசுவலை. இரண்டு நாளுக்கு இதற்குமேல் வேண்டியதில்லை.

அடுக்குவதற்கு, வாய்வளையம் போட்டு இறுக்கும் நீல டிரம்மைவிட நல்லது எதுவும் இல்லை. கனடாவில் ஏரிப்பயணம் போகிறவர்களும் சாப்பாட்டுக்கு இதே நீல டிரம்மைத்தான் தோளில் மாட்டிக்கொள்கிறார்கள். டொராண்டோவுக்கு வடக்கே, 1893-இல் உருவான அல்காங்குவின் பூங்காவில் 2000 கிலோமீட்டருக்குமேல் படகுவழி இருக்கிறது. ஒரு ஏரி முடிந்ததும் வள்ளத்தைத் தோளில் கவிழ்த்துச் சுமந்து காட்டுக்குள் நடந்து அடுத்த ஏரியில் இறக்குவார்கள். உள்ளே தகர டப்பாவும் கண்ணாடி பாட்டிலும் கொண்டுபோகத் தடை, ஒரு கூடாரத்தளத்தில் 9 பேருக்குமேல் தங்கக்கூடாது, இடத்தை முன்பதிவு செய்யவேண்டும். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் உறவினர் இருப்பவர்கள் ஒருமுறை போய்வரலாம். அங்கே எடை குறைவாக இருக்கவேண்டியது சுமப்பதற்காக, இங்கே விளிம்புக்காக. அங்கே பயம் குளிர்ந்த நீர், இங்கே பிற்பகல் இடி. குப்பை விதியை மட்டும் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அஷ்டமுடியின் கக்கா, அதாவது மட்டி, 2014-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக, வளம் குன்றாமல் பிடிப்பதற்கான எம்.எஸ்.சி. சான்று வாங்கியது. கக்கா முட்டையிடும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அள்ளுவதை நிறுத்திவைக்கும் கட்டுப்பாடு அதற்குப் பின்னால் இருக்கிறது. அவர்கள் வேலையை நிறுத்திக் காக்கும் ஏரியில் நாம் பிஸ்கட் உறையைப் போட்டுவிட்டு வரக்கூடாது.

டிரம்முக்குள், கடைசியில் வேண்டியது அடியில், முதலில் வேண்டியது மேலே. வள்ளத்துக்குள், கனமானது நடுவில், தரையோடு. எதிர்க்காற்று என்றால் ஒரு மூட்டையை முன்னே தள்ளுங்கள். முன்பக்கம் லேசாகத் தூக்கி நின்றால் காற்று அதைப் பிடித்துத் திருப்பிவிடும். காற்று முதுகில் என்றால் அதே மூட்டை பின்னுக்கு.

துடுப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். நேராகப் போகவேண்டும் என்று பின்னால் உட்கார்ந்தவர் வலப்பக்கம் ஓங்கித் துடுப்புப் போட்டால் வள்ளத்தின் முகம் இடப்பக்கம் திரும்பும். சுழலும் மையம் படகின் நடுவே இருக்கிறது, அவர் தள்ளுவதோ பின்னால் ஓரத்தில். உடனே இடப்பக்கம் மாற்றிப் போடுவார், அது வலப்பக்கம் திரும்பும். புதியவர்களின் வள்ளம் ஏரியில் பாம்புபோக்குப் போவது இதனால்தான், பத்துக் கிலோமீட்டர் பதின்மூன்றாவதும் இதனால்தான். வழி என்னவென்றால், துடுப்பை இழுத்து முடிக்கும்போது, இடுப்புக்குப் பக்கத்தில் வந்ததும், மேல்கையின் கட்டைவிரல் கீழே பார்க்கும்படி பிடியைத் திருகவேண்டும். பலகை நிமிர்ந்து நிற்கும். அதைப் படகிலிருந்து வெளிப்பக்கமாக லேசாகத் தள்ளி எடுக்கவேண்டும். இடப்பக்கம் திரும்பப்போன முகம் நேராகிவிடும். பக்கம் மாற்றவே வேண்டாம். வெண்ணமடைக்குளத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தால் இதை மட்டும் பழகுங்கள்.

கவிழ்ந்தால் வள்ளத்தைவிட்டு நீந்திப் போகக்கூடாது. மரவள்ளம் நீர் நிறைந்தாலும் மூழ்காது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஆளைக் கணக்கெடுத்து விசில் ஊதவேண்டும். முதல் பயணத்துக்கு உள்ளூர் வள்ளக்காரர் ஒருவர் கூடவே இருக்கட்டும். அவர் காலையில் ஏரியைப் பார்த்துவிட்டு "இன்று வேண்டாம்" என்றால் கூலியைக் கொடுத்துவிட்டுக் கால்வாய்க்குள் திரும்பிவிடுங்கள்.

கிளம்பும் முன் இந்த நேரக்கணக்கை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிடவேண்டும்: எந்தக் கடவில் ஏறுகிறோம், யார் வள்ளம், இரவு யார் வீடு, ஞாயிறு எங்கே கரையேறுகிறோம். வள்ளக்காரர் எண்ணும் வீட்டுக்காரர் எண்ணும் அதிலேயே இருக்கவேண்டும். ஞாயிறு பத்தரைக்குக் கரையேறி, 11 மணிக்குள் வீட்டுக்குப் போன் போகவேண்டும். 12 வரை போன் வராவிட்டால் வீட்டில் இருப்பவர் வள்ளக்காரரைக் கூப்பிடவேண்டும், அவரும் எடுக்காவிட்டால் தங்கிய வீட்டை, அங்கும் தகவல் இல்லையென்றால் கொல்லம் போலீஸை. தென்காசியிலிருந்து 112 அழைத்தால் அழைப்பு தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும் என்பதால், கொல்லம் எண்ணையும் முன்கூட்டியே தாளில் எழுதிவைத்துவிடுங்கள்.